ஆடு தின்ற கடிதம்

ஆட்டுக்கு இமைமுடி முளைத்திருந்தது. ஜெசிந்தாவின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். திரை முழுக்க ஒரு முகம், அந்த முகத்தில் பளபளவென்று இரண்டு கண், அந்தக் கண்களுக்கு மேலே கல்யாணப் பெண்ணுக்கு ஒட்டுவார்களே, அந்த மாதிரி நீள நீளமாய் இமைமுடி. சின்ன வயதில் டிவியில் பார்த்த கோந்துவுக்கு ஏது இமைமுடி? கோந்துவுக்குக் கண்ணே கிடையாது. இரண்டு சட்டைப் பொத்தான்தான் உண்டு, ஒன்று கறுப்பு, இன்னொன்று காப்பிக்கலர், அந்தக் காப்பிக்கலர்ப் பொத்தானும் நூல் தளர்ந்து எப்போது விழுமோ என்று தொங்கும். ஒவ்வொரு வியாழக்கிழமையும் இன்றைக்கு விழுந்துவிடும் என்று பயந்து பயந்து பார்த்திருக்கிறாள், நாலு வருஷமும் அது விழவே இல்லை. சாக்குத் துணியில் தைத்த உடம்பு, பழைய துடைப்பத்துத் தாடி, ஒரு கொம்பு மட்டும் கொஞ்சம் குட்டை. இங்கே திரையில் நிற்பது யாரோ ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிய வேறு ஆடு. ஒவ்வொரு முடியும் தனித்தனியாகக் காற்றில் அசைகிறது. கம்ப்யூட்டரில் செய்ததாம். செய்தவன் கையை உடைக்க வேண்டும் என்று ஜெசிந்தா நினைத்தாள், நினைத்துவிட்டுத் தன் மஞ்சள் டீ-ஷர்ட்டைக் குனிந்து பார்த்தாள். 'எங்கள் கோந்து திரும்பி வந்துவிட்டது' என்று அதில் அச்சடித்திருந்தது. அந்த வாசகம் அவள் எழுதியது. அச்சடிக்கக் கொடுத்ததும் அவள்தான். தூத்துக்குடித் தபால் நிலையம் ஒன்றில் கவுண்ட்டரில் உட்கார்ந்து ஸ்டாம்பு கிழித்துக் கொடுக்கிற நாற்பத்தாறு வயதுப் பெண், நாலாயிரம் பேர் கொண்ட கோந்து ரசிகர் குழுவின் தலைவி, சனிக்கிழமை காலைக் காட்சிக்கு முப்பது டிக்கெட் மொத்தமாகப் போட்டு முதல் மூன்று வரிசையையும் மஞ்சளாக்கியவள், படம் தொடங்கி இரண்டு நிமிஷத்தில் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் அது வாயைத் திறந்தது. ஐயோ. குரலும் போயிற்று. தேன் தடவின குரல். பழைய கோந்துவுக்குச் சளி பிடித்த குரல். பொம்மைக்குள் கைவிட்டு ஆட்டிய தாமோதரன் சாருக்கு நிஜமாகவே பாதி நாள் சளி, இருமல் வந்தால் ஆடும் சேர்ந்து இருமும், இருமிவிட்டு, "நேத்து தின்ன சினிமா போஸ்டர் தொண்டையில நிக்குது" என்று சொல்லும். அவர் செத்து எட்டு வருஷம் ஆயிற்று. 'கோந்து கொட்டகை' என்று பெயர் அந்த நிகழ்ச்சிக்கு. வியாழன் சாயங்காலம் ஆறு மணி, அரை மணி நேரம். ஊரில் ஒட்டுகிற போஸ்டரையெல்லாம் பசையோடு நக்கித் தின்கிற ஆடு, அதைத் துரத்துகிற மூக்கன் என்கிற காக்கா, மூக்குக்கண்ணாடி போட்ட தலைமையாசிரியைக் கோழி. கடைசி ஐந்து நிமிஷம் கடிதம். பிள்ளைகள் எழுதிய கடிதத்தைக் கோந்து எடுத்து வாசிக்கும். ஆனால் சில கடிதத்தை வாசிக்காது. மேல் மூலையை மடித்து அனுப்பினால் அது ரகசியக் கடிதம் என்று அர்த்தம், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்த சட்டம் அது. அந்தக் கடிதத்தைக் கோந்து திருப்பித் திருப்பிப் பார்க்கும், மோந்து பார்க்கும், அப்புறம் அப்படியே தின்றுவிடும். கறுக் கறுக் என்று மென்று முழுங்கிவிட்டு, பொத்தான் கண்ணால் நேராகப் பார்த்து, "உன் ரகசியம் என் வயித்துல. இனி யாரும் எடுக்க முடியாது" என்று சொல்லும். சர்ச்சில் சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்கிற கூண்டில் கூட ஜெசிந்தாவுக்கு அவ்வளவு ஆறுதல் கிடைத்ததில்லை. சாமியார் தும்முவார், யார் பிள்ளை என்று குரலை வைத்தே கண்டுபிடிப்பார், சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காப்பி வாங்கிக் குடிப்பார். ஆடு அப்படி இல்லை. தின்றால் தின்றதுதான். அதனால்தான் பத்து வயதில் சாமியாரிடம் "நாலு பொய் சொன்னேன் சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு, மிச்சத்தை ஆட்டுக்கு எழுதினாள்.

மிச்சத்தைப் பற்றி இப்போது என்ன? படத்தைப் பார். பக்கத்தில் அண்ணன் கிளீட்டஸ் பாப்கார்னைக் கைப்பிடி கைப்பிடியாக வாயில் போட்டுக்கொண்டிருந்தான். மஞ்சள் டீ-ஷர்ட் அவனுக்கு வயிற்றில் பிடித்தது. "இந்தக் கோழி நம்ம மதர் சுப்பீரியர் மாதியே இருக்குல்லட்டி?" என்று சொல்லிச் சிரித்தான். சிரிக்கட்டும். நன்றாகச் சிரிக்கட்டும். சிரிக்க வைக்கத்தானே கூட்டி வந்தது. ஐஸ் ஃபேக்டரியில் விடியற்காலை நாலு மணிக்கே வேலைக்குப் போய்விட்டு நேராக வந்திருக்கிறான், உடம்பில் அமோனியா வாசனை இன்னும் போகவில்லை. படம் விட்டதும் பிரியாணி, பிரியாணி முடிந்து பீடா, பீடா வாயில் இருக்கும்போது டெல்பின் விஷயத்தை எடுக்க வேண்டும் என்று ஜெசிந்தா திட்டம் போட்டிருந்தாள். டெல்பின் கிளீட்டஸின் மகள், பதினேழு வயது, இடக்கையால் பந்து போடுகிறவள். மாநில அளவிலான கிரிக்கெட் முகாமுக்கு மாவட்டத்திலிருந்து எடுத்த இரண்டு பெண்களில் ஒருத்தி. ஒரு ஃபாரத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும், திங்கட்கிழமைதான் கடைசி நாள். கிளீட்டஸ் போடமாட்டேன் என்றுவிட்டான். கத்தவில்லை, அடிக்கவில்லை, ஃபாரத்தை மடித்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். மதினி அழுதாள். டெல்பின் போன் செய்து, "அத்தை, நீங்க சொன்னாத்தான் அப்பா கேப்பாங்க. என்னத்தயாச்சும் சொல்லுங்க அத்தை" என்றாள். என்னத்தையாவது. என்னத்தைச் சொல்ல? கிளீட்டஸ் வீட்டில் கிரிக்கெட் என்ற சொல்லையே யாரும் சொல்வதில்லை. டீக்கடையில் மேட்ச் ஓடினால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிடுவான். பதினாலு வயதில் அவனே தன் மட்டையை அடுப்பில் வைத்து எரித்தான், அது சீக்கிரம் எரியாமல் புகைந்தது, அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே சோறு வடித்தாள். ஏன் என்று தெருவுக்கே தெரியும். அவன் மேட்ச் பார்க்க ஆசைப்பட்டுத்தான் அப்பா மாடியிலிருந்து விழுந்தார்.

விழுந்தார். அந்தச் சொல் மனசில் வந்ததும் எப்போதும் போல அவசரமாக வேறு பக்கம் கண்ணைத் திருப்பினாள். திரையில் ஆட்டுக்கு வயிற்றுவலி. நல்லவேளை. அதைப் பார்ப்போம். படத்தின் கதையே அதுதான் போலிருக்கிறது, முப்பத்தாறு வருஷமாகத் தின்றது செரிக்காமல் கோந்து ஊர் ஊராக வைத்தியம் தேடி அலைகிறது. மூக்கன் காக்கா அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ள யாரோ பேசுறாங்கப்பா" என்றது. தியேட்டரே கொல்லென்று சிரித்தது. ஜெசிந்தாவும் சிரிக்க வாயைத் திறந்தாள், திறந்த வாய் அப்படியே நின்றது. கால்நடை டாக்டர் வந்தார், ஆட்டைத் தலைகீழாகத் தூக்கினார், முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். ஆடு வாந்தி எடுத்தது. வாந்தியாக வந்தது கடிதம். ஒன்று இரண்டு இல்லை. போஸ்ட் கார்டும் இன்லண்டும் நோட்டுக் காகிதமும் மலைமலையாகக் கொட்டிற்று. ஒவ்வொன்றிலும் மேல் மூலை மடிந்திருந்தது. இது எப்படி? தின்றதல்லவா? பார்த்தாளே, கண்ணால் பார்த்தாளே, நீலக்கலர் இன்லண்டு அந்தச் சாக்குத்துணி வாய்க்குள் போனதை. நாற்பத்தாறு வயதாகிறது, இருபத்திரண்டு வருஷமாகத் தபால் இலாகாவில் வேலை பார்க்கிறாள், ஒரு பொம்மைக்கு வயிறு கிடையாது என்பது தெரியாதா? தெரியும். நன்றாகத் தெரியும். பொம்மைக்குக் கீழே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், வாய்க்குள் போன காகிதம் அவர் சட்டைக் கையோடு இறங்கி அவர் மடியில் விழும், அதுவும் தெரியும். ஆனால் அவருடைய மடியில் விழுந்தது அப்புறம் எங்கே போனது என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை. யோசிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, இருந்தாலும் யோசித்ததில்லை. தின்றுவிட்டது, அவ்வளவுதான்.

இல்லை, யோசித்திருக்க வேண்டும். போன வருஷமே யோசித்திருக்க வேண்டும். படக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாளே, மேடம், தாமோதரன் சார் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி கிடைத்திருக்கிறது, உள்ளே பிள்ளைகள் எழுதிய கடிதம், அதில் சிலதைப் படத்தில் வைக்கலாமா, பெயர் எதுவும் வராது, ரசிகர்கள் சார்பாக நீங்கள் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று. ஜெசிந்தா அன்றைக்குச் சந்தோஷத்தில் கவுண்ட்டரில் தப்பான சில்லறை கொடுத்தாள். பெட்டி என்றதும் அவள் நினைத்தது கோந்து வாசித்துக் காட்டிய கடிதங்களை. மூலை மடித்ததெல்லாம் தின்னப்பட்டவை, அவை பெட்டியில் எப்படி இருக்கும்? இந்தத் தப்பைக் கோந்து ரசிகரைத் தவிர உலகத்தில் வேறு ஒரு மனுஷி செய்திருக்கமாட்டாள். 'தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கடிதமும் உலகத்துக்குத் தெரியட்டும்' என்று எழுதி, பக்கத்தில் மூன்று இதயம் போட்டு அனுப்பினாள். ஒருத்தர் கடிதத்தை இன்னொருத்தர் பிரிக்கக் கூடாது என்று புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். மூன்று இதயம். ஒன்று போட்டிருந்தால் போதாதா? படத்தில் ஒரு சின்னப் பெண் கடிதக் குவியலுக்குள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து ஆட்டுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினாள். முதல் கடிதம் பரீட்சையில் தம்பியின் பேனாவைத் திருடிய பையன். சிரிப்பு. இரண்டாவது, வாத்தியார் நாற்காலியில் மை ஊற்றிய பெண். இன்னும் பெரிய சிரிப்பு. பெட்டியில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆயிரத்தில் நம்முடையதா வரப்போகிறது? வராது. ஆரோக்கிய மாதாவே, வராது. வந்தாலும் கரையான் தின்றிருக்கும். ஆடு தின்னாவிட்டால் கரையானாவது தின்றிருக்கக் கூடாதா?

மூன்றாவது நீலம். இன்லண்டு. அந்தப் பெண் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு நங்கூரம் வரைந்திருந்தது, நங்கூரத்தின் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. சிவப்புப் பென்சில். ஜெசிந்தாவின் விரல் தானாக நாற்காலிக் கையில் அந்த நங்கூரத்தை வரைந்தது, முதலில் கம்பு, அப்புறம் வளையம், அப்புறம் இடது கை, பென்சில் முனை உடைந்ததால் வலது கை குட்டை. "இது ஒரு துறைமுக ஊர்லேருந்து வந்துருக்கு" என்றது திரை. இருமல் வருகிற மாதிரி இருந்தது. இருமலாமா? பாப்கார்னைத் தட்டிவிடலாமா? அண்ணே, எனக்கு மயக்கமா வருது, வெளிய போவோம் என்று சொல்லலாமா? சொன்னால் உடனே எழுந்து வருவான், தோளில் கைபோட்டுக் கூட்டிப்போய் சோடா வாங்கிக் கொடுப்பான், அப்படிப்பட்டவன். வாய் வரவில்லை. காலும் வரவில்லை. கழுத்துகூடத் திரும்ப மறுத்தது. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த கைப்பிடியில் அண்ணனுடைய கை கிடந்தது, ஐஸ் கட்டி தூக்கித் தூக்கிக் காய்ப்புக் காய்த்த கை. ஓரக்கண்ணில் அது மட்டும்தான் தெரிந்தது. அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'அன்புள்ள கோந்துவுக்கு, நான் நலம், உன் நலம் அறிய ஆவல். மூலையை மடித்திருக்கிறேன், யாருக்கும் சொல்லாதே. எங்கள் மாடியில் ஆன்டெனாக் குழாயைக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்தது நான்தான்.' ஆமாம், அப்பாவின் கம்பி முறுக்குகிற இரும்புக் குறட்டை எடுத்துக்கொண்டு போய் அவிழ்த்தாள். கிழக்கே திருப்பினால் கடல் தாண்டி இலங்கை டிவி தெரியும், மேற்கே திருப்பினால் கொடைக்கானல் கோபுரத்திலிருந்து கோந்து வரும். துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற விஞ்ச் ஓட்டிவிட்டு வந்த அலுப்பில் அப்பா வியாழக்கிழமைதோறும் மாடியேறித் திருப்பிக் கொடுப்பார், ஒரு வியாழக்கிழமை அவருக்கு ஓவர்டைம், கோந்து முழுக்கப் புள்ளிபுள்ளியாக வந்தது, கடிதம் வாசித்ததே கேட்கவில்லை. அடுத்த வாரம் அவளே ஏறினாள். 'கம்பி கையைக் குத்தியது. திரும்பக் கட்ட முடியவில்லை. அதனால் என் சிவப்பு ரிப்பனால் கட்டினேன். இரட்டை முடிச்சுதான் போட்டேன்.' இரட்டை முடிச்சு. நேற்றுப் போட்டதுபோல விரலில் இருக்கிறது. அந்தப் பக்கம் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, இரண்டு செங்கல் உயரம்தான், அப்பா எப்போதும் குழாயைப் பிடித்துத்தான் வெளியே சாய்வார், சாய்ந்து கீழே ஜன்னலைப் பார்த்துக் கத்துவார், தெளிவா இருக்காலே? ஞாயிற்றுக்கிழமை தூறல். அண்ணன் கத்தினான், "அப்பா, இலங்கைப் பக்கம் திருப்புங்கப்பா, கடைசி பத்து ஓவர்ப்பா!" அப்பா போனார். ஜெசிந்தாவுக்கு அப்போதே தெரியும். வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள், படியில் அப்பாவின் செருப்புச் சத்தம் ஏறியது, ரிப்பன் என்று ஒரு சொல் தொண்டை வரைக்கும் வந்தது. குறட்டைத் தொட்டால் அடி விழும். சொல்லவில்லை. அப்புறம் பக்கத்து வீட்டுத் துணி துவைக்கிற கல்லில் ஒரு சத்தம் கேட்டது. குழாயும் கூடவே விழுந்து உருண்டு கொஞ்ச நேரம் ஓயவில்லை. திரையில் அந்தச் சின்னப் பெண்ணின் குரல் வாசித்துக்கொண்டே போனது, ஒரு எழுத்து விடவில்லை.

'அப்பாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. இனி விஞ்ச் ஓட்ட முடியாது என்று டாக்டர் சொன்னார். கடல் காற்றில் கம்பி துருப்பிடித்து அறுந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். ரிப்பனை யாரும் பார்ப்பதற்கு முன்னால் எடுத்துக் கடலில் போட்டுவிட்டேன். அண்ணன் மேட்ச் பார்க்கக் கூப்பிட்டதால்தான் அப்பா விழுந்தார் என்று அம்மா சொன்னார்கள். அண்ணன் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். நீ இதைத் தின்றுவிடு. இப்படிக்கு,' என்று வந்து, நங்கூரம். பின்வரிசையில் பிரபாவதி டீச்சர், குழுவின் பொருளாளர், மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மஞ்சள் சட்டைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் துடைத்தார்கள். ஆடும் அழுதது, அந்த இமைமுடியில் ஒவ்வொன்றாகச் சொட்டு நின்று விழுந்தது, அதற்காகத்தான் இமைமுடியே வைத்திருக்கிறான் பாவி. "அந்தப் பிள்ளை இப்ப எங்க இருக்கோ" என்றது. இங்கேதான் இருக்கிறது. முதல் வரிசை, ஆறாம் நம்பர் சீட். நாலு பொய் சாமி, நாலு பொய் என்று சொன்னதில் இது சேர்த்தியா இல்லையா என்று இன்றைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. பள்ளியை நிறுத்திவிட்டு ஐஸ் ஃபேக்டரிக்குப் போனது கிளீட்டஸ். அப்பாவைத் தூக்கிக் கக்கூசுக்குக் கொண்டுபோனது கிளீட்டஸ், பன்னிரண்டு வருஷம். அவள் காலேஜ் படித்தாள். கைப்பிடியில் கிடந்த கை அசையவே இல்லை. கடிதம் தொடங்கினபோது இருந்த இடத்திலேயே கிடந்தது. பாப்கார்ன் மெல்லுகிற சத்தமும் இல்லை. தெரிந்துவிட்டது. எல்லாம் தெரிந்துவிட்டது. துறைமுகம், ஆன்டெனா, மேட்ச், இதற்குமேல் என்ன வேண்டும், அவன் என்ன மடையனா? இப்போது அந்தக் கை எழுந்து கன்னத்தில் விழும். விழட்டும். விழுந்தால்கூடத் தேவலை. எழுந்து ஒன்றும் சொல்லாமல் நடந்துபோய்விட்டால்? ஃபாரத்தை மடித்து அலமாரிக்கு மேலே வைத்ததுபோல அவளையும் மடித்து வைத்துவிட்டால்? ஊரில் அவளுக்கென்று இருப்பது அவன் ஒருத்தன்தான்.

இடைவேளை என்று போட்டு விளக்கு எரிந்தது. ஜெசிந்தா எண்ணினாள், ஒன்று, இரண்டு, மூன்று, திரும்பினாள். கிளீட்டஸ் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். தலை அந்தப் பக்கம் சாய்ந்து, மஞ்சள் வயிற்றில் பாப்கார்ன் கவிழ்ந்து, ஒரு பொரி தாடையில் ஒட்டி, நல்ல தூக்கம். கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. நாலு மணிக்கு வேலைக்குப் போனவன், ஏசிக் காற்று பட்டதும் கண் சொருகிவிட்டது, இவன் தன் கல்யாணத்துப் பூசையிலேயே தூங்கினவன் அல்லவா? தப்பித்தோம் என்று உடம்பெல்லாம் இளகியது. சந்தோஷம் கூட வந்தது, வெட்கமே இல்லாத சந்தோஷம், ஓடிப்போய் ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தின்னலாம் போல. அப்புறம் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் அவள் உண்மையாகவே அதிர்ந்தாள். ஆட்டுக்கு இமைமுடி முளைத்ததற்கோ, டிரங்குப் பெட்டிக்கோ, நங்கூரத்துக்கோ இப்படி அதிரவில்லை. பத்து வயதில் நீல இன்லண்டு ஆட்டின் வாய்க்குள் போனபோது வந்ததும் இதே சந்தோஷம்தான், அச்சு மாறவில்லை. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினாள், பக்கத்துப் பாயில் அண்ணன் தூங்காமல் புரண்டுகொண்டிருந்தான். முப்பத்தாறு வருஷமாகத் தான் கும்பிட்டது ஆட்டை இல்லை, ஆட்டின் வயிற்றை என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. பிரபாவதி டீச்சர் சிவந்த மூக்கோடு வந்து, "அந்த ஆன்டெனாப் பிள்ளை லெட்டர் இருக்கே, நெஞ்சே வெடிச்சிட்டு ஜெசிந்தா. யாரா இருக்கும்? நம்ம குரூப்புல போட்டுத் தேடுவமா?" என்றாள். ஜெசிந்தா தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. டீச்சர் சமோசா வாங்கப் போனாள்.

பேச்சுச் சத்தத்தில் கிளீட்டஸ் விழித்துக்கொண்டான். தாடையைத் துடைத்தான், சுற்றிப் பார்த்தான், அசடு வழிந்தது. "தூங்கிட்டேனாட்டி? ரொம்பப் போயிட்டோ?" என்றான். சின்ன வயதில் டியூஷன் முடிந்து ஓடிவரும்போது கதவிலேயே நின்று கேட்பானே, அதே கேள்வியை அதே குரலில் கேட்டான். "ஆடு லெட்டரத் தின்னுட்டா?"

தின்னுட்டு அண்ணே என்று சொன்னால் முடிந்தது. இரண்டே சொல். விளக்கு அணையும், இரண்டாம் பாதி ஓடும், பிரியாணி, பீடா. பீடா வாயில் இருக்கும்போது டெல்பினைப் பற்றிச் சொல்வாள், அவன் கேட்கமாட்டான், ஏனென்றால் அந்தப் பூட்டுக்கு அவள் சொல்லப்போகிற எதுவும் சாவி இல்லை. சாவி எது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் டெல்பினிடம், "சொல்லிப் பாக்கேன் பிள்ளை" என்று சொன்னாள். திங்கட்கிழமை கழியும். ஃபாரம் அலமாரிக்கு மேலேயே கிடக்கும். அந்தப் பெண்ணும் ஒருநாள் பந்தை அடுப்பில் வைக்கும். மறுபடி கையில் வேர்க்கடலை இருந்தது, படியில் செருப்புச் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது, ரிப்பன் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

"தின்னலண்ணே," என்றாள்.

"தின்னலயா? பொறவு?"

"வாசிச்சிட்டு. எல்லார் முன்னாலயும் வாசிச்சிட்டு. மூலை மடிச்ச லெட்டரு." நிறுத்தினாள். நிறுத்தினால் அப்புறம் வராது என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னாள். "அது நான் எழுதுனதுண்ணே. நம்ம ஆன்டெனாக் குழாய்க் கம்பிய நாந்தான் அவுத்தேன். கோந்து பாக்கணும்னு. ரிப்பன் போட்டுக் கட்டி வச்சிருந்தேன். அப்பா புடிச்சது ரிப்பன. நீ கூப்புட்டதுனால இல்லண்ணே. நீ கூப்புட்டதுனால ஒண்ணுமே ஆகல."

கிளீட்டஸ் அவளைப் பார்த்தான். பாப்கார்ன் டப்பாவைக் காலடியில் வைத்தான். கைப்பிடியிலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவன் முகத்தில் கோபத்தைத் தேடினாள், இருந்தது, அதோடு வேறு என்னென்னவோ இருந்தது, அவளால் வாசிக்க முடியவில்லை. "ரிப்பனா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "ரிப்பன்" என்றான். விளக்கு அணைந்தது. ஜனங்கள் சமோசாவோடு இருட்டில் தட்டுத்தடுமாறி வந்து உட்கார்ந்தார்கள். இமைமுடி ஆடு குதித்துக்கொண்டு வந்தது, பாட்டு ஒன்று தொடங்கியது, மஞ்சள் சட்டைகள் கைதட்டின. கிளீட்டஸின் தோள் இருட்டில் குலுங்குகிறதா, அல்லது நாற்காலியா என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை நீட்டப் போனாள், நீட்டவில்லை. பாட்டு முழுக்க முடிந்தது. காக்கா ஏதோ சொன்னது, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்போது அவன் குனிந்தான், அமோனியா வாசனை கிட்டே வந்தது.

"அன்னைக்கு யாருட்டி செயிச்சா?"

"என்னதுண்ணே?"

"அந்த மேட்ச்சு. கடைசி பத்து ஓவர். நான் இன்னைய வரைக்கும் யார்ட்டயும் கேக்கலட்டி."

ஜெசிந்தாவுக்குத் தெரியாது. அவளும் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் டிவி யாருக்காகவும் இல்லாமல் ரொம்ப நேரம் புள்ளிபுள்ளியாக இரைந்துகொண்டிருந்தது, அப்புறம் யாரோ நிறுத்தினார்கள். "தெரியலண்ணே" என்று சொன்னாள்.

கிளீட்டஸ் பேன்ட் பையிலிருந்து போனை எடுத்தான். வெளிச்சத்தில் அவன் கண் நனைந்திருப்பது தெரிந்தது, விரல் தப்புத் தப்பாக அமுக்கியது. டெல்பின் பெயர் வந்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மிதித்துக்கொண்டே வெளியே போனான். கதவு மூடுவதற்கு முன்னால் அவன் குரல் மட்டும் கேட்டது.

"ஏ பிள்ளை, பழைய மேட்ச் ஒண்ணு இருக்கு. ஸ்கோர் பாத்துச் சொல்லுவியா?"